ஐஸ் ரூமில் 253 டிகிரி: இன்னொரு கம்பைலரை வைத்து ஓஎஸ் கட்டிய கதை

மண்டபத்தில் மாமாவின் ஐஸ் பிளான்ட்டில் ஆர்ம் பிராசஸர் உள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு மாட்டி வைத்திருக்கிறேன், உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஐஸ் கட்டிகளை அடுக்கும் அறைக்குள் ஒரு சென்சார், அதிலிருந்து வெளியே ஒரு வயர், வாசலில் ஒரு பழைய திரை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குளிர் எவ்வளவு என்று எழுதிவைக்கும், அறை சூடானால் கத்தும். அதற்கான நிரலை சி மொழியில் நான்தான் எழுதினேன். லேப்டாப்பில் சென்சாரைச் செருகி, வீட்டு ஃபிரீசருக்குள் வைத்துப் பல நாள் ஓட்டியும் பார்த்தேன். மைனஸ் 3 என்றால் மைனஸ் 3 என்றே காட்டியது. போர்டில் ஏற்றி மாட்டிய அன்று சாயங்காலமே மாமா போன் பண்ணிவிட்டார்.

“மாப்ள, உன் பெட்டி ஐஸ் ரூம்ல 253 டிகிரின்னு சொல்லுது. சீலா மீனை உள்ள வச்சா வறுவலாவே எடுத்துடலாம் போலயே!”

கத்துகிற சத்தம் தாங்காமல் ஸ்பீக்கர் வயரை வேறு பிடுங்கிப் போட்டுவிட்டார். நிரல் எழுதுகிற எல்லாரையும் போல நானும் முதலில் என் மேல் சந்தேகப்படவில்லை, எழுதிய நிரலை மெஷின் மொழிக்குப் பெயர்க்கும் கம்பைலர் மேல்தான் சந்தேகப்பட்டேன். நான் பயன்படுத்திய ஜிசிசி என்ற கம்பைலர்தான் ஏதோ தப்பாகப் பெயர்த்திருக்கிறது, வேறு கம்பைலரை வைத்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். அப்புறம் நிரல் மட்டும் மாறினால் போதுமா, அது கூப்பிடும் சி லைப்ரரியும் ஓஎஸ்ஸின் மையமான கெர்னலும் அதே ஜிசிசியில் வந்தவைதானே என்று தோன்றியது. அது விசைப்படகு தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், பிளான்ட்டிலும் வேலை மந்தம். சரி, முழு ஓஎஸ்ஸையும், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தையும், கிளாங் என்ற இன்னொரு கம்பைலரால் கட்டிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். சந்தேகம் தவறு என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் அந்த வேலையில் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கலாம் என்றுதான் இது.

முதலில் கிராஸ் கம்பைல் என்றால் என்ன என்பதை முடித்துவிடுவோம். சாதாரணமாக ஒரு மெஷினில் கம்பைல் செய்தால் அதே மெஷினில் ஓடும் நிரல் கிடைக்கும். கிராஸ் கம்பைல் என்றால் கட்டுவது ஓரிடம், ஓடுவது வேறிடம். எங்கள் பக்கம் ஓடாவி வள்ளத்தைத் தண்ணீரில் வைத்தா கட்டுகிறார்? கரையில், கூரைக்கடியில், மரமும் ஆணியும் கைக்கெட்டும் இடத்தில் கட்டுகிறார், ஆனால் ஒவ்வொரு பலகையையும் கடலை நினைத்து வளைக்கிறார். என் லேப்டாப் கரை, போர்டு கடல். போர்டிலேயே கம்பைல் செய்ய முடியாதா என்றால் முடியும், நான் முயன்றும் பார்த்தேன். 1 ஜிபி மெமரி, எஸ்டி கார்டில் மூச்சு வாங்கிக்கொண்டே எழுதும், நடுவில் கரண்ட் போகும், கார்டில் ஃபைல் சிஸ்டம் குழம்பும், மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் நாளே கைவிட்டேன்.

லேப்டாப்பில் இருப்பது எக்ஸ்86 பிராசஸர், போர்டில் ஆர்ம். ஒன்றின் கட்டளை மற்றதற்குப் புரியாது, கலந்துவிட்டால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று ஒரே வரியில் திட்டிவிட்டுப் போய்விடும். அதனால் கம்பைலரிடம் எந்தப் பிராசஸருக்கு, எந்த ஓஎஸ்ஸுக்கு என்று முன்கூட்டியே சொல்லவேண்டும், இந்த முகவரிக்குத்தான் டார்கெட் டிரிப்பிள் என்று பெயர். ஜிசிசியும் கிளாங்கும் அடிப்படையிலேயே வேறுபடும் இடம் இது. ஜிசிசியைக் கட்டும்போதே இது இன்ன டார்கெட்டுக்கு என்று முடிவாகிவிடும், ஆர்முக்கு ஒரு ஜிசிசி, மிப்ஸ் என்ற இன்னொரு பிராசஸருக்கு ஒரு ஜிசிசி என்று தனித்தனியாக வேண்டும். கிளாங் அப்படியில்லை, ஒரே பைனரிக்குள், அதாவது கம்பைல் ஆன ஒரே நிரலுக்குள், பல டார்கெட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன, எதற்கு வேண்டும் என்று ஒரு ஆப்ஷனில் சொன்னால் போதும். கேட்க சுகமாக இருக்கிறது. ஆனால் கம்பைலர் மட்டும் இருந்தால் ஆகாது, அந்த டார்கெட்டின் ஹெடர் ஃபைல்களும் லைப்ரரிகளும் இருக்கும் அடைவையும் காட்டவேண்டும். இதை சிஸ்ரூட் என்பார்கள். அதைக் காட்ட மறந்தால் கம்பைலர் சத்தமில்லாமல் லேப்டாப்பின் சொந்த ஹெடர்களை எடுத்துக்கொள்ளும், கம்பைலும் ஆகிவிடும், போர்டில் போய்த்தான் கவிழும். கிராஸ் கம்பைலில் ஆகக் கெட்ட பிழை எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். எரர் வந்தால் எங்கே பார்ப்பது என்றாவது தெரியும், இதில் எரரே வராது.

கிளைக்கதை ஒன்று. ஒரு மெஷினில் உட்கார்ந்து, இரண்டாவது மெஷினில் ஓடப்போகும், மூன்றாவது மெஷினுக்கு நிரல் பெயர்க்கும் கம்பைலரைக் கட்டுவதும் உண்டு. அதற்கு ‘கனடியன் கிராஸ்’ என்று பெயர். இந்த விஷயத்தைப் பேசி முடிவு செய்த காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்தனவாம், அதனால் அந்தப் பெயர்.

நான் எடுத்துக்கொண்ட ஓஎஸ் நெட்பிஎஸ்டி, பிஎஸ்டி என்ற இலவச யுனிக்ஸ் குடும்பத்தில் ஒன்று. காரணம் எளிது. கெர்னல், சி லைப்ரரி, ஷெல், சின்னச் சின்னக் கருவிகள், கம்பைலர்கூட எல்லாம் ஒரே மூல மரத்தில், அதாவது மூல நிரல்கள் உள்ள ஒரே அடைவில், இருக்கின்றன, மொத்தத்தையும் கிராஸ் கம்பைல் செய்ய பில்டு.எஸ்ஹெச் என்று ஒரே ஸ்கிரிப்ட். 2002-ல் வந்த 1.6 பதிப்பிலிருந்தே இது இருக்கிறது. லினக்ஸோ ஆப்பிள் மேக்கோ, அடிப்படை வசதிகள் உள்ள எந்த மெஷினிலிருந்தும் கட்டலாம். அது முதலில் செய்யும் வேலைதான் எனக்குப் பிடித்தது: உன் மெஷினில் இருக்கும் ‘மேக்’, ‘ஆக்’ போன்ற கட்டுமானக் கருவிகள் எதையும் நம்பாமல், தன் மூல மரத்திலிருந்தே அவற்றைக் கட்டிக்கொள்கிறது. கிராஸ் கம்பைலரையும் அப்படியே கட்டிக்கொள்கிறது. அந்தத் தளவாடங்களை வைத்துத்தான் ஓஎஸ்ஸைக் கட்டும். வேறு ஊர் ஆசாரி உளியை இரவல் வாங்காமல் தன் உளியைத் தானே அடித்துக்கொண்டு வேலைக்கு வருகிற மாதிரி. ரூட் என்ற நிர்வாகி அனுமதிகூடத் தேவையில்லை. எந்த ஃபைல் யாருக்குச் சொந்தம், என்ன அனுமதி என்பதையெல்லாம் மெட்டாலாக் என்ற ஒரு பட்டியலில் எழுதிவைத்துக்கொண்டு, கடைசியில் இமேஜ் செய்யும்போது அந்தப் பட்டியலைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறது.

கிளாங்கில் கட்டவேண்டும் என்றால் ஜிசிசி வேண்டாம், கிளாங்குக்கு அடித்தளமான எல்எல்விஎம் வேண்டும் என்று இரண்டு மூன்று மாறிகளைச் சொல்லவேண்டும். அப்படிச் சொன்னதும் என் லேப்டாப் முதலில் எல்எல்விஎம்மையே கட்ட ஆரம்பித்தது. ஆடி ஆடி ராத்திரி முழுக்க ஓடியது, மின்விசிறி சத்தத்தில் அம்மா எழுந்து வந்து என்னடா இது என்று பார்த்துவிட்டுப் போனார். மதியம் கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தது, ஆனால் ஏற்கெனவே கட்டியதை வைத்துத் தொடர ஒரு ஆப்ஷன் இருப்பதால் பிழைத்தேன்.

கையில் ஒன்று இருக்கும்போது இன்னொரு கம்பைலர் எதற்கு என்ற கேள்வி இருக்கிறதே, அதற்கு உலகம் கொடுத்த முதல் பதில் உரிமம். ஜிசிசியை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் வெளியிட்டார். வெகுகாலம் இலவச யுனிக்ஸ்களுக்கெல்லாம் அதுதான் கம்பைலர். 2007-ல் ஜிசிசியின் ஜிபிஎல் என்ற உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது, ஜிசிசி 4.2.1-க்குப் பிறகு வந்தவை அந்த உரிமத்துக்குப் போயின. பிஎஸ்டிக்காரர்களுக்கு அது ஒத்துவரவில்லை. ஃபிரீபிஎஸ்டி வருடக்கணக்கில் அதே 4.2.1-ஐக் கட்டிக்கொண்டு அழுதது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000-ல் கிரிஸ் லாட்னரும் விக்ரம் ஆட்வேயும் ஆரம்பித்த எல்எல்விஎம் இதற்குள் வளர்ந்திருந்தது, அதன் மேல் ஆப்பிள் உட்கார்ந்து வேலை செய்த கிளாங் 2007-ல் திறந்துவிடப்பட்டது. 2014 ஜனவரியில் வந்த ஃபிரீபிஎஸ்டி 10.0-ல் கிளாங்தான் இயல்பான கம்பைலர். 2017-ல் 6.2 பதிப்பில் ஓபன்பிஎஸ்டியும் எக்ஸ்86 மெஷின்களுக்கு அந்தப் பக்கம் வந்தது. கிளாங்குக்கு முன்னும் முயற்சிகள் உண்டு. பிசிசி என்று ஒரு கம்பைலர், 1970-களில் பெல் லேபில் ஸ்டீபன் ஜான்சன் எழுதியது, அதை ஆண்டர்ஸ் மேக்னசன் தூசி தட்டி எடுத்தார், 2007-ல் நெட்பிஎஸ்டியும் ஓபன்பிஎஸ்டியும் தங்கள் மரத்தில் சேர்த்தன. நல்ல வேகம், ஆனால் ஓஎஸ் முழுவதையும் தாங்கும் அளவுக்கு அது வளரவில்லை.

என் மனதுக்கு நெருக்கமானது டிசிசி. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் எழுதிய குட்டிக் கம்பைலர். 2004-ல் அவர் அதை வைத்து ஒரு வித்தை காட்டினார். மெஷின் பூட் ஆகும்போதே லினக்ஸ் கெர்னலை மூலத்திலிருந்து கம்பைல் செய்து, அதையே ஓட்டுவது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ல் 15 வினாடிக்குள் முடிந்தது, அந்த பூட் நிரலின் அளவு வெறும் 138 கேபி. கெர்னலில் சில இடங்களைத் திருத்தவேண்டியிருந்தது, ஆனால் ஓடியது. ஒரு டீ ஆறுவதற்குள் ஓஎஸ் பிறந்து ஓடுகிறது. என் ராத்திரி மின்விசிறியை நினைத்துக்கொண்டேன்.

உரிமமும் வேகமும் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு ஒரு காரணம், அதற்கு எங்கள் ஊர்க் கடலைச் சொன்னால்தான் விளங்கும். இங்கே இரண்டு கடல். பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வடகடல் ஆழம் குறைவு, சேறு. தென்கடலில் பார் என்கிற பாறைத்திட்டு, ஆழம், வேறு மாதிரி அலை. வடகடலில் மட்டுமே ஓடிய வள்ளம் ஒன்று இருந்தால், அதன் குறைகள் சொந்தக்காரருக்கே தெரியாது, ஏனென்றால் அந்தக் குறைகளை வடகடல் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. பாம்பன் பாலத்துக்கடியில் நுழைந்து தென்கடலுக்குள் வந்தபிறகுதான் எந்தப் பலகை ஆடுகிறது என்று தெரியும். ஒரே கம்பைலரால் பல வருடம் கட்டப்பட்ட ஓஎஸ்ஸும் இப்படித்தான். எழுதியவர்கள் சி மொழியில் எழுதியதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் எழுதியது ஜிசிசி மொழியில்.

லினக்ஸ் கெர்னல் இதற்கு நல்ல சாட்சி. 1991-ல் முதல் பதிப்பே ஜிசிசியில் கட்டியதுதான், கால் நூற்றாண்டு அந்த ஒரு கடல்தான். ஜிசிசி சி மொழிக்கு மேலே போட்டுக்கொண்ட சொந்தச் சேர்க்கைகள் பல உண்டு, கெர்னல்காரர்கள் அவற்றைக் கூச்சமில்லாமல் பயன்படுத்தினார்கள். பல தகவல்களை ஒரே கட்டாக வைக்கும் ஸ்ட்ரக்சருக்கு உள்ளேயே நீளம் முன்கூட்டித் தெரியாத அரேயை, அதாவது ஒரே வகை மதிப்புகளின் வரிசையை, வைப்பது அதில் ஒன்று. கிளாங் ஆட்கள் அதைச் செய்யமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள், கெர்னலில் அந்த இடங்களைத்தான் மாற்றி எழுதவேண்டி வந்தது. பிராசஸரின் கட்டளையை நேரடியாக எழுதும் அஸெம்ப்ளி வரியிலிருந்து சி நிரலில் பெயரிட்ட ஓர் இடத்துக்கு, அதாவது லேபிளுக்கு, தாவும் ‘ஏஎஸ்எம் கோட்டு’ இன்னொன்று. 2018-ல் எக்ஸ்86 கெர்னல் அதைக் கட்டாயம் என்று ஆக்கியது, கிளாங்கில் அப்போது அது இல்லை, 2019-ல் 9-ஆம் பதிப்பில்தான் வந்தது. இத்தனைக்கும் நடுவில் 2017-லேயே கூகுளின் பிக்சல் 2 போன் கிளாங்கில் கட்டிய கெர்னலோடு விற்பனைக்கு வந்துவிட்டது, அதில் இருந்தது ஆர்ம் என்பதால் அந்த எக்ஸ்86 கட்டாயம் அங்கே குறுக்கே வரவில்லை. 2020-ல் லினக்ஸ் 5.7 முதல் ஒரே ஒரு மாறியைச் சொன்னால் கம்பைலர், கம்பைல் ஆன துண்டுகளைக் கோர்க்கும் லிங்கர், மற்றக் கருவிகள் எல்லாம் எல்எல்விஎம்முக்கு மாறிவிடும். இரண்டு பக்கமும் இறங்கி வந்ததால்தான் இது நடந்தது. எது சரி எது தவறு என்று கேட்டால், அரே விஷயத்தில் கிளாங் பக்கம்தான் நியாயம், லேபிள் விஷயத்தில் கெர்னல் பக்கம் என்பேன்.

இதில் ஒரு வேடிக்கை: கிளாங் தன்னை யார் என்று கேட்டால் ‘நான் ஜிசிசி 4.2.1’ என்று பொய் சொல்லும். ஹெடர் ஃபைல்களில் ‘ஜிசிசி என்றால் இதைச் செய், இல்லையென்றால் எரர்’ என்று எழுதிவைத்தவர்கள் அத்தனை பேர், பொய் சொல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. பிஎஸ்டிக்காரர்கள் கட்டிக்கொண்டு அழுத அதே 4.2.1!

ஓஎஸ்ஸை வேறு கம்பைலரில் கட்டும்போது சாதாரண நிரலில் வராத இன்னொரு தலைவலி வரும். கம்பைலர் தனியாள் இல்லை, கூடவே ஒரு சின்ன லைப்ரரியை எப்போதும் இழுத்துக்கொண்டு வரும். 32 பிட் ஆர்மில் 64 பிட் எண்ணை வகுக்கச் சொன்னால், பிராசஸரில் அதற்கு ஒரே கட்டளை கிடையாது, கம்பைலர் சத்தமில்லாமல் ஒரு உதவிச் சார்பை (ஃபங்ஷனை) கூப்பிட்டுவிடும். ஜிசிசியில் அது லிப்ஜிசிசிக்குள் இருக்கும், கிளாங்கில் கம்பைலர்-ஆர்டி என்ற லைப்ரரிக்குள். நிரலில் நீங்கள் எழுதியது ஒரு சாய்கோடுதான், லிங்கர் வந்து ‘இப்படி ஒரு சார்பைக் காணோம்’ என்று கேள்விப்படாத ஒரு பெயரைச் சொல்லும். கெர்னல் இந்த லைப்ரரிகளோடு சேராது, அதனால் லினக்ஸில் அப்படி வகுப்பதற்கென்றே தனி மேக்ரோ வைத்திருக்கிறார்கள், பிஎஸ்டிகளில் அந்தச் சார்புகளின் பிரதியைக் கெர்னலுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

இதைவிட நுணுக்கமாக ஒன்று 2020-ல் நடந்தது. ஒரு ஸ்டிரிங்கை அப்படியே நகலெடுக்க ‘எஸ்பிரின்ட்எஃப்’ எழுதியிருந்தால், அதற்கு ‘எஸ்டிபிகாப்பி’ என்ற சார்பே போதுமே என்று புதிய கிளாங் தானாகவே மாற்ற ஆரம்பித்தது. ஊர் நிரலுக்கெல்லாம் நல்லது, சி லைப்ரரியில் அந்தச் சார்பு இருக்கிறது. கெர்னலில்தான் இல்லை! யாரும் எழுதாத, யாரும் கூப்பிடாத ஒரு சார்பைக் காணோம் என்று லினக்ஸ் பில்டு நின்றது, கடைசியில் கெர்னலில் அந்தச் சார்பையே எழுதிச் சேர்த்தார்கள். மெமரியை ஒரே மதிப்பால் நிரப்பும் மெம்செட் என்ற சார்பை எழுதப்போய், உள்ளே இருக்கும் லூப்பைப் பார்த்த ஜிசிசி ‘இது மெம்செட் மாதிரி இருக்கிறதே’ என்று அந்த லூப்பை மெம்செட்டுக்கான அழைப்பாகவே மாற்ற, அது தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டு முடிவில்லாமல் சுற்றிய கூத்தும் உண்டு. கம்பைலருக்கு அறிவு கூடக் கூட, ஓஎஸ் எழுதுகிறவருக்கு வேலையும் கூடுகிறது.

இதெல்லாம் இன்றைக்கு நேற்று வந்ததில்லை. யுனிக்ஸை 1973-ல் சி மொழியில் மாற்றி எழுதினார்கள், எல்லாம் பிடிபி-11 மெஷினுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. 1977 வாக்கில் இன்டர்டேட்டா 8/32 என்ற வேறு ஜாதி மெஷினுக்குக் கொண்டுபோனார்கள். அதற்காக எழுதியதுதான் மேலே சொன்ன பிசிசி. கொண்டுபோகும்போதுதான் தெரிந்தது, பிடிபி-11 பைட்டுகளை அடுக்கும் வரிசை, மெமரி முகவரியை வைக்கும் பாயின்டரும் முழு எண்ணும் ஒரே அளவு என்ற எண்ணம் என எத்தனையோ அனுமானங்கள் நிரலுக்குள் ஒளிந்திருக்கின்றன என்று. ‘யுனிக்ஸ்’ என்று எழுதியது பைட் இடம் மாறி ‘நுக்ஸி’ என்று வந்ததாக ஒரு கதைகூடச் சொல்வார்கள். அதே ஜான்சன்தான் 1978-ல் லின்ட் என்ற கருவியை எழுதினார். நிரலை ஓட்டாமலே படித்து, சந்தேகமான இடங்களைக் காட்டும் கருவி. கம்பைலரிடம் கண்டிப்பைச் சேர்க்காமல் தனிக் கருவியாக வைத்தார்கள், இன்றைய கம்பைலர்கள் அதையெல்லாம் உள்ளேயே செய்கின்றன. வேறு கடலுக்குப் போனதால் கிடைத்த கருவி அது.

இரண்டாவது கம்பைலருக்கு நான் எதிர்பார்க்காத பயன் ஒன்று, நம்பிக்கை. 1984-ல் வெளிவந்த டூரிங் விருது உரையில், யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் ஒரு வில்லங்கமான கேள்வியைப் போட்டார். கம்பைலர் பைனரிக்குள்ளேயே ஒரு களவாணித்தனத்தை ஒளித்துவைத்து, அது தன்னைத் தானே அடுத்த கம்பைலருக்குள்ளும் நுழைத்துக்கொண்டால், மூலத்தை எத்தனை முறை படித்தாலும் கண்ணில் படாதே? இதற்கு டேவிட் வீலர் 2000-களில் ஒரு வழி சொன்னார். சந்தேகப்படும் கம்பைலரின் மூலத்தை, சம்பந்தமே இல்லாத இரண்டாவது கம்பைலரால் கட்டு. அப்படி வந்ததை வைத்து அதே மூலத்தை மறுபடி கட்டு. இப்போது வருவதும் பழைய பைனரியும் பிட் பிட்டாக ஒத்துப்போகிறதா பார். ஒத்துப்போனால் இரண்டிலும் ஒரே களவாணித்தனம் இருந்தால் ஒழிய பயமில்லை. எடைக்கல்லில் சந்தேகம் வந்தால் பக்கத்துக் கடைத் தராசில் வைத்துப் பார்க்கிற மாதிரி, அங்கேயும் கல் அடித்திருந்தால்தான் மாட்டுவோம். இது நடக்கவேண்டுமானால் ஒரே மூலத்தைக் கட்டினால் ஒரே பைனரி வரவேண்டும். நெட்பிஎஸ்டி அந்த நிலைக்கு 2017-ல் வந்தது. நான் போன வாரம் கட்டியதும் இந்த வாரம் கட்டியதும் ஒன்றாகவே இருந்தன, சும்மா ஹேஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண்) எடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒரு சந்தோஷம்.

சரி, 253-க்கு வருகிறேன்.

ஐந்தாம் நாள் ஓஎஸ் கட்டி முடிந்தது. கார்டில் எழுதி, போர்டில் செருகி, சீரியல் கேபிளைப் பொருத்தினால் கெர்னல் வரி வரியாகப் பேச ஆரம்பித்து, லாகின் கேட்டது. அந்த இமேஜ் முழுவதும் கிளாங் கட்டியது. இனி என் நிரல்தான் பாக்கி. அதையும் அதே கிளாங்கால் ஆர்முக்கு கம்பைல் செய்தேன், ஒரு எச்சரிக்கை வந்து விழுந்தது. இன்ன வரியில் மைனஸ் 99-ஐ ‘சார்’ வகை மாறியோடு ஒப்பிடுகிறாய், இது எப்போதுமே பொய்யாகத்தான் இருக்கும் என்றது.

அந்த வரி எனக்கு ஞாபகம் இருந்தது. சென்சார் வயர் கழன்றால் மைனஸ் 99 என்று ஒரு அடையாளம் வைத்திருந்தேன், வெப்ப அளவை ஒரு பைட்டுக்குள் அடக்க சார் வகையைப் பயன்படுத்தியிருந்தேன். எப்போதுமே பொய் என்றால் எப்படி? சி மொழியின் இலக்கணம், வெறும் ‘சார்’ என்று எழுதினால் அதற்கு மைனஸ் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்யாமல் மெஷினின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. எக்ஸ்86-ல் மைனஸ் உண்டு, மைனஸ் 128 முதல் 127 வரை. ஆர்மில் நெட்பிஎஸ்டியும் லினக்ஸும் மைனஸ் இல்லாமல் 0 முதல் 255 வரை வைத்திருக்கின்றன. மைனஸ் 3 அங்கே 256-லிருந்து 3-ஐக் கழித்தது போல 253 ஆகிவிடும், மைனஸ் 99 என்றால் 157. மைனஸ் 99-க்கு அங்கே இடமே இல்லை, அதனால்தான் எப்போதும் பொய். தேர்ந்தவர்களுக்கும் இது சறுக்குகிற இடம்தான், லினக்ஸ் கெர்னலே 6.2 பதிப்பில் எல்லா மெஷினுக்கும் மைனஸ் இல்லாத சார்தான் என்று ஒரேயடியாக முடிவு செய்துவிட்டது.

ஆக, ஜிசிசி ஒரு தப்பும் செய்யவில்லை. கிளாங்கும் அதே 253-ஐத்தான் தந்திருக்கும், ஆர்மில் இது இரண்டுக்கும் பொதுவான விதி. வித்தியாசம் ஒன்றுதான். ஜிசிசியிடம் ‘எக்ஸ்ட்ரா’ எச்சரிக்கைகளைக் கேட்டால்தான் இதைச் சொல்லும், நான் ‘எல்லாம்’ என்று பெயருள்ள ஆப்ஷனைப் போட்டிருந்தேன், அந்த ‘எல்லாம்’ என்பதற்குள் இது அடங்காது என்பது எனக்குத் தெரியாது. கிளாங் கேட்காமலே சொன்னது. அதே கிளாங்கை லேப்டாப்புக்காக ஓட்டிப் பார்த்தேன், வாயே திறக்கவில்லை, ஏனென்றால் எக்ஸ்86-ல் அந்த வரி சரியான வரி. கம்பைலரும் மாறி மெஷினும் மாறியபோதுதான் பிழை வெளியே வந்தது.

பிழைதான் பிடிபட்டதே, அப்புறம் மொத்த ஓஎஸ்ஸையும் கட்டியது வீண் வேலையா என்று நண்பர் கேட்டார். பாதி ஆமாம். நிரலை மட்டும் கிளாங்கில் ஓட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். கடைக்கோ கம்பெனிக்கோ ஒரு பெட்டி செய்து தருகிறவர் அந்த ஓஎஸ் எந்தக் கம்பைலரோடு வருகிறதோ அதிலேயே கட்டட்டும், வேறு வழி தேடவேண்டியதில்லை. ஆனால் தன் நிரலை மட்டுமாவது இரண்டு கம்பைலரில், இரண்டு மெஷின் ஜாதிக்குக் கட்டிப் பார்க்கட்டும், அதற்குப் பெரிய மெஷின்கூட வேண்டாம். நான் இன்னும் கிளாங் இமேஜைத்தான் ஓட்டுகிறேன், பெரிய காரணம் எதுவும் இல்லை, கட்டிய பாசம்.

திருத்தம் ஒரே சொல். ‘சார்’ என்று இருந்த இடத்தில் ‘சைன்டு சார்’ என்று போட்டேன். மறுநாள் ஏற்றியதும் மைனஸ் 3 வந்தது, மாமா ஸ்பீக்கர் வயரைத் திரும்பச் செருகினார். ஆடி மாதம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடித்தது.

“மாப்ள, இப்ப மைனஸ் 99-ன்னு கத்துது.”

“வயரைப் பாருங்க மாமா.”

டார்ச் அடித்துக்கொண்டு போனவர் திரும்பி வந்து சொன்னார், “எலி.”